குறி தப்பாத கால்

இலந்தைக்குடாவில் இன்னாசித்தம்பி கெட்டுப்போனது கோல் அடிக்காததால் அல்ல, அளவுக்கு மீறி அடித்ததால். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒரு மனிதனுடைய கால் பிழைக்கவே பிழைக்காது என்று ஓர் ஊர் முழுக்க நம்பத் தொடங்கிவிட்டால், அந்த மனிதனுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறவரைக்கும் சிரியுங்கள்.

இலங்கையில் புத்தளத்துக் களப்புக்கு மேற்கே, ஆலங்குடாவைத் தாண்டிப் போனால், கடலோரத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று இலந்தைக்குடா, மற்றது பூவரசங்குடா. இரண்டிலும் கிறிஸ்து வேதக்காரர்கள், இரண்டிலும் கரைவலைத் தொழில். இரண்டுக்கும் நடுவில் கடவுள் இரண்டு கரைகளைப் படைத்திருந்தார். பெரியகரையில் கடலடி முழுக்க மணல். வலையை வளைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தால் அதன் பையாகிய மடி நிறைய மீனோடு தடையில்லாமல் வரும். கல்லுக்கரையில் நீருக்கடியில் பாறை. அங்கே வலை இழுக்கிற நேரத்தைவிடக் கிழிந்த வலையைத் தைக்கிற நேரம் அதிகம். பெரியகரை யாருக்கு என்பதில் இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. தலை உடைந்தது, காது அறுந்தது, சம்பந்தம் பேசின கலியாணங்கள் நின்றுபோயின.

ஜேர்மன்காரனோடு நடந்த பெரிய யுத்தம் முடிந்த கையோடு விஷக்காய்ச்சல் வந்தது. அரிசி யானை விலை குதிரை விலை விற்றது. செத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்த கையோடு இரண்டு ஊராரும் பெரியகரையில் மறுபடியும் கத்தியைத் தூக்கினார்கள். அப்போதுதான் பங்குச் சுவாமியார் குறுக்கே வந்தார். பிரான்சு தேசத்து மனிதர், நெஞ்சு வரைக்கும் தாடி. கொழும்பிலிருந்து ஒரு தோல் பந்தை வாங்கி வந்து வலைக்குச் சொந்தக்காரர்களான இரண்டு ஊர்ச் சம்மாட்டிமாருக்கும் நடுவில் வைத்தார். ஆவணியில் தலவில் கோவிலில் அன்னம்மாவின் திருநாள் முடிந்த மறுநாள் இரண்டு ஊரும் பந்து விளையாட வேண்டும். வெல்கிற ஊருக்குக் கடல் அடங்கியது முதல் மறுபடி கொந்தளிக்கிற வரைக்கும் பெரியகரை. சமமாக முடிந்தால் யாரிடம் கரை இருந்ததோ அவர்களிடமே இருக்கும். வலைக்கயிறு பிடிக்கிறவன் மட்டும்தான் விளையாடலாம், வெளியாள் கூடாது.

நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். சுவாமியாரும் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்து வைக்கிற கெடுதியை யாராலும் தட்டிக் கேட்க முடிவதில்லை என்பதுதான் அதிலுள்ள வில்லங்கம். பதினொரு பேருடைய காலில் ஓர் ஊரின் சோற்றைக் கட்டிவிட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை.

நடுவராக நெய்னாரைப் பிடித்தார்கள். புத்தளத்து முஸ்லிம் கருவாட்டு வியாபாரி, எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். இரண்டு ஊரிலும் கருவாடு வாங்குகிறவர், ஆகவே இரண்டு ஊருக்கும் பொதுவானவர். புத்தளத்தில் துரைமார் விளையாடுவதை வேலியோரம் நின்று பார்த்துப் பார்த்து விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார்.

முதல் வருடம் இன்னாசித்தம்பிக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. கயிற்றில் கடைசி ஆளாக நிற்கிற ஒல்லிப் பையன். ஓர் ஆள் குறைகிறதே என்று அவனை முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு விழுந்த மூன்று கோலும் அவனுடையவை. மற்றவர்கள் பந்தைக் கண்டதும் வேலியை உடைக்கிற மாட்டைப்போல உதைத்தார்கள். இவன் உதைக்கவில்லை. தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தான், பிறகு வலதுகாலால் பந்தை எங்கே போகவேண்டுமோ அங்கே அனுப்பினான். தென்னங்குற்றிகளுக்கு மேலே கோலுக்குக் கட்டியிருந்த வலைக்கயிற்றுக்குக் கீழே, கோல்காரனுடைய கை எட்டாத அந்த ஒரு முழ இடத்துக்குள் பந்து போனது. இலந்தைக்குடாச் சம்மாட்டி சவிரியான் மண்ணில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் அதே கதை. இன்னாசித்தம்பி அடித்தான், பெரியகரை கிடைத்தது. புகழ் உப்புநீர்க் களப்பைத் தாண்டியது. புத்தளத்தில் உப்புக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு விளையாட அவனை இரவல் கேட்டார்கள். சிலாபத்துத் தோட்டத் துரைமார் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து விளையாடின நாளில், வெறுங்காலோடு நான்கு கோல் அடித்துவிட்டு, அவர்கள் கொடுத்த பிஸ்கோத்தை மடியில் கட்டிக்கொண்டு படகேறினான். எங்கே போனாலும் அடித்தான். எத்தனை என்று அவன் எண்ணவில்லை, அவனுக்கு எண்ணத் தேவையும் இல்லை. ஊர் அவனுக்குப் பாட்டில் இடம் கொடுத்திருந்தது.

கரைவலை இழுக்கும்போது ஒருவன் கேட்க மற்றவர்கள் பதில் சொல்லி இழுக்கிற பாட்டு அது. பதில் சொல்கிற மூச்சில்தான் கயிறு கரைக்கு வரும்.

"வலையத் தந்தது ஆரு?"

"சவிரியான்."

"மடியத் தந்தது ஆரு?"

"அன்னம்மா."

"கரையத் தந்தது ஆரு?"

"இன்னாசி."

விடியற்காலையில் ஐம்பது அறுபது தொண்டைகள் தன் பெயரைச் சொல்லிக் கயிற்றை இழுப்பதை இன்னாசித்தம்பி முதலில் கேட்ட நாளில் அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அவனும் அந்தக் கயிற்றில்தான் நின்றான். தன் பெயரைத் தானே எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இழுத்தான்.

குளிர்ச்சி கொஞ்ச நாளைக்குத்தான். தோணியில் ஏற அவனை விடமாட்டார்கள், கால் வழுக்கினால்? தென்னையில் ஏற விடமாட்டார்கள். அனஸ்தாசியாவோடு கலியாணம் பேசினபோது, திருநாள் முடியட்டும், பந்து முடியட்டும் என்று சம்மாட்டி இரண்டு தடவை நாளைத் தள்ளிவைத்தார். கோழி வைத்திருந்த வீடுகளிலிருந்து முட்டை வந்தது. பிள்ளைக்குக் கொடுக்காமல் அவனுக்குக் கொண்டுவந்த முட்டை என்று தெரிந்தும் அவன் குடித்தான், ஏனென்றால் குடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழியில் கண்டவர்கள் சுகம் விசாரிக்கும்போது "எப்படி இருக்கிற?" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "கால் எப்படி?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் அவனைக் கட்டிக்கொண்ட அனஸ்தாசியாவுக்கு அது வயிற்றெரிச்சல். "இந்த ஊர் என்னை ஒரு காலுக்குக் கட்டிக் குடுத்திருக்கு" என்று அவனிடமே சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திருநாளுக்குக் கொழும்புத் துறைமுகத்துப் பறங்கிக்காரர் ஒருவர் வந்தார். கப்பலுக்குக் கரி ஏற்றுகிற கம்பனியில் பெரிய கிளார்க். அன்னம்மாவுக்கு நேர்த்தி வைத்துக் குடும்பத்தோடு வந்தவர், மறுநாள் பந்தையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றார். பார்த்தார். கம்பனிக்கு ஒரு பந்துக் கோஷ்டி இருக்கிறது, வந்தால் வேலை தருகிறேன், இருக்க ஓர் அறையும் உண்டு என்றார். கப்பல்காரர்களோடு, பட்டாளத்தோடு, ஆயிரம் பேர் பார்க்க விளையாடலாம் என்றார். கோல் அடித்தால் கோல் மட்டும்தான், அதற்கு மேல் யாருடைய உலையும் அதில் தொங்காது என்கிற ஒரு விளையாட்டை இன்னாசித்தம்பி அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சம்மாட்டியிடம் போய்க் கேட்டான். சவிரியான் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"போ இன்னாசி, உன்னைக் கயிறு போட்டுக் கட்ட ஏலுமா?" என்றார். "ஒண்டு செய். போறதுக்கு முதல் ஒவ்வொரு குடிலுக்கும் போ. வாற வருசம் உங்கட பிள்ளையள் என்ன தின்னும் எண்டு நீயே அதுகளிட்டச் சொல்லிப்போட்டுப் போ."

அவன் எந்தக் குடிலுக்கும் போகவில்லை. பறங்கிக்காரரிடம் அடுத்த வருடம் பார்ப்போம் என்றான். அவரும், அடுத்த திருநாளுக்கு வருகிறேன், அதற்குப் பிறகு வயது போய்விடும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். இந்தப் பேச்சு ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அந்தப் பருவத்திலேயே கால் போனது. பெரியகரையில் பாரை மீன் பட்டு வலை கனத்து, எல்லாரும் குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, இன்னாசித்தம்பியின் இடதுகால் ஒரு குழிக்குள் இறங்கியது. கயிறு அவனை ஒரு பக்கம் திருப்பியது, கால் மறுபக்கம் நின்றது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்ததை அவன் கேட்டான். மற்றவர்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் அவனுடைய பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

திருக்கை முள் குத்திவிட்டது என்று பொய் சொன்னான். திருக்கை குத்தினால் ஒரு மாதம் நொண்டுவது வழமை, ஆகவே யாரும் துருவவில்லை. உண்மை தெரிந்தால் பூவரசங்குடாக்காரர்கள் முதல் அடியை அந்த முழங்காலில்தான் போடுவார்கள். தன் ஊருக்குத் தெரிந்தால், கால் எப்படி என்று கேட்கிற அத்தனை பேரின் முகத்திலும் ஈயாடாது. அதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அனஸ்தாசியாவுக்கு மட்டும் தெரியும், அவள்தான் ஒத்தடம் பிடித்தாள். இன்னும் ஓர் ஆளுக்குத் தெரிந்தது, அது நெய்னார். கருவாடு வாங்க வந்தவர் அவன் நடந்து வருவதைப் பார்த்து வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இது திருக்கை இல்லயே தம்பி" என்றார்.

"ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க நானா."

"நான் ரெண்டு ஊருக்கும் பொது ஆள். எனக்கு ஏன்டா இதக் காட்டின?" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த முறை வரும்போது புத்தளத்து வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்தார். அதற்கடுத்த முறையும் கொண்டுவந்தார். எண்ணெயில் வீக்கம் வடிந்தது. அவனால் நடக்க முடிந்தது, நேராக ஓடவும் முடிந்தது. திரும்பினால்தான் முழங்கால் அவனுடையதாக இல்லாமல் போனது.

அனஸ்தாசியா அவனுக்குச் சொல்லாமல் அன்னம்மாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். முழங்காலைச் சுகமாக்கி இந்த வருடமும் பெரியகரையைத் தந்தால், அவனுடைய கால் நீளத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்றாள். அவன் தூங்கும்போது நூல் பிடித்து அளவும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

திருநாளன்று தலவிலில் சனம் நிரம்பி வழிந்தது. இன்னாசித்தம்பி ஒவ்வொரு வருடமும் அன்னம்மாவின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரே விண்ணப்பத்தைத்தான் சொல்வான். "ஒரு கோல் தா அம்மா, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்." அந்த வருடம் முழந்தாளிட அவனால் முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்தான். அழவேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அம்மா, இதோட என்னை விட்டிரு."

அவ்வளவுதான். வெல்லவேண்டும் என்றோ தோற்கவேண்டும் என்றோ அவன் கேட்கவில்லை. கோலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெளியே வந்து மகள் பிரான்சிஸ்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு பனங்கட்டி வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் விளையாட்டில் அவனுடைய ஊரார் பந்தை அவனுக்கே கொடுத்தார்கள், வழக்கம்போல. தொடக்கத்தில் ஒன்று அடித்தான். நேராக வந்த பந்து, திரும்பத் தேவையில்லாத பந்து. பூவரசங்குடா அதற்குப் பதில் கொடுத்தது, பிறகு இன்னொன்றும் அடித்தது. இரண்டுக்கு ஒன்று. சமன் செய்தால் போதும், கரை இலந்தைக்குடாவிடமே இருக்கும். வெயில் சாயத் தொடங்கின நேரத்தில் பூவரசங்குடாக்காரன் ஒருவன் கோலடியில் பந்தைக் கையால் தடுத்தான். நெய்னார் விசிலை ஊதி, பெனால்டி என்று கையைக் காட்டினார்.

பூவரசங்குடாச் சம்மாட்டி மனுவேல் அந்த இடத்திலேயே தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். இலந்தைக்குடாப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக எழும்பினார்கள். பெனால்டி அடிக்கிறவன் இன்னாசி என்றால் அதை நின்று பார்க்கவேண்டியதே இல்லை என்று அவ்வளவு நிச்சயம்.

பந்தை நட்டுவைத்தான். கோல்காரனைப் பார்த்தான், எங்கே அனுப்புவது என்று முடிவு எடுத்தான், ஓடிவந்தான். வலதுகாலால் அடிக்கிறவனுக்கு அந்த ஒரு கணம் முழு உடம்பையும் தாங்குவது இடதுகால். அவன் இடதுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றினான். முழங்கால் உள்ளுக்குள் மடங்கியது. வலதுகால் பந்துக்குக் கீழே போய்விட்டது. பந்து கயிற்றுக்கு மேலே, தென்னங்குற்றிக்கு மேலே, புதர்ப் பற்றைக்குள் போய் விழுந்தது. இன்னாசித்தம்பி விழவில்லை. விழுந்திருந்தாலாவது ஏதோ நடந்திருக்கிறது என்று யாராவது நினைத்திருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், மாதக்கணக்காக நோவை மறைக்கிறவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

நெய்னார் கடைசி விசிலை ஊதினார், பெரியகரை பூவரசங்குடாவுக்குப் போனது. பிறகு இலந்தைக்குடாப் பக்கத்திலிருந்து ஒருவன் நிதானமாகக் கேட்டான்.

"கொழும்புக்கு எப்ப போற இன்னாசி?"

அந்த ஒரு கேள்வியோடு ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். கரை போனால்தானே அவனை ஊர் விடும்? பறங்கிக்காரரும் அதோ வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். வருடக்கணக்காகப் பிழைக்காத கால் இன்றைக்கு, இவர் நிற்கிற நேரத்தில், பெனால்டியிலா பிழைக்கும்? அவன் அடித்த ஒவ்வொரு கோலும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழும்பியது. சாதாரணமான ஒருவன் விட்டிருந்தால் பாவம் என்று முதுகில் தட்டியிருப்பார்கள்.

பின்னேரம் சம்மாட்டியின் வலைக்கொட்டிலான வாடிக்கு முன்னால் ஊர் கூடியது. இன்னாசித்தம்பி முழங்காலைக் காட்டினான். "இது அடிக்கிற கால் இல்லயே" என்றார்கள். ஊன்றுகிற காலைப் பற்றி அவன் எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. நெய்னார் எழும்பி, எண்ணெய் கொண்டுவந்தது தானேதான் என்றார்.

"அந்தத் துறைமுகத்துப் பறங்கியும் பாத்தாரு" என்றார். "முழங்கால் முடிஞ்சி போச்சி, இந்தாள் இனி ஒரு கோஷ்டிக்கும் உதவாது எண்டு என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் வண்டி ஏறினாரு. அல்லா அறிய நான் பொய் சொல்லல்ல."

அந்தச் செய்தி இன்னாசித்தம்பிக்குக் கிடைத்தது இப்படித்தான், ஊர் நடுவில் வைத்து. அவனைக் காப்பாற்றச் சொன்ன சொல்லே அவனுடைய கொழும்பையும் கொண்டுபோனது.

"அந்தப் பறங்கி இவனைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஆள். அவன்ர சொல்லுக்கு என்ன பெறுமதி?" என்றார் சவிரியான். "நீங்களும் நானா, கால் போனது தெரிஞ்சும் எங்களுக்கு ஒளிச்சிருக்கிறீங்க. தெரிஞ்சிருந்தா வேற ஒருத்தனை அடிக்க விட்டிருப்பமே."

அது உண்மை. பெனால்டியை வேறு யாராவது அடித்திருக்கலாம் என்பது அந்த நேரம் வரைக்கும் இன்னாசித்தம்பிக்கே தோன்றவில்லை.

கடைசியில் சத்தியத்துக்கு வந்தது. அந்தக் கரையில் வலை களவு போனால், கயிறு அறுபட்டால், குற்றம் சாட்டப்பட்டவன் தலவிலுக்குப் போய் அன்னம்மாவுக்கு முன்னால் எரிகிற திரியைக் கையில் பிடித்து, "கையாலும் மனசாலும் நான் கெடுதி செய்யேல்ல" என்று சொல்லித் திரியை அவள் காலடியில் வைக்கவேண்டும். வைத்துவிட்டால் அதோடு முடிந்தது, அதற்குப் பிறகு அவனை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் கடலில் போனால் திரும்பமாட்டான் என்று நம்பிக்கை. சவிரியான் கை என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கால் என்று போட்டார். மற்றபடி சத்தியம் பழையதுதான்.

இன்னாசித்தம்பிக்கு மூச்சு வந்தது. பொய் இல்லையே, சொல்லிவிடலாம். அனஸ்தாசியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஊர் அவனுக்குப் பின்னால் மணலில் நடந்தது.

கோவிலில் திருநாள் கூட்டம் வடிந்திருந்தது. திரியைக் கொளுத்திக் கையில் கொடுத்தார்கள். அவன் அன்னம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"காலால நான் கெடுதி செய்யேல்ல" என்றான். குரல் தெளிவாக இருந்தது.

அடுத்த சொல்லை எடுக்கப் போனபோதுதான் அது ஞாபகம் வந்தது. அதே தூண், அதே முகம். இதோட என்னை விட்டிரு என்று கேட்டவன் இந்த இடத்தில்தான் நின்றான். அவள் விட்டுவிட்டாள். கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்துவிட்டு அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவன் அவளுக்கு முன்னாலேயே மனசால் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லவேண்டும். தோற்கட்டும் என்று நினைத்தேனா? இல்லை. வெல்லவேண்டும் என்று நினைத்தேனா? அதுவும் இல்லையே. ஓடிவந்த அந்த நாலைந்து அடியில் தன் மனதில் என்ன இருந்தது என்று தேடிப் பார்த்தான். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. மெழுகு உருகி விரலில் விழுந்தது.

"சொல்லு" என்றார் சவிரியான். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்கும் அவன் சொல்லிவிடவேண்டும் என்றுதான் ஆசை.

"மனசால..." என்றான் இன்னாசித்தம்பி. "அது எனக்குத் தெரியாது சம்மாட்டியார்."

திரியை ஊதி அணைத்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அனஸ்தாசியா பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் தான் கேட்ட விண்ணப்பத்தைச் சொன்னான். அவள் அலுமாரியைத் திறந்து, கால் அளவு எடுத்த நூலை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"நான் காலத் தா எண்டு கேட்டன். நீங்க விட்டிரு எண்டு கேட்டிருக்கிறீங்க. அவ ஆர்ர சொல்லத்தான் கேக்கிற?"

"பொய்ச் சத்தியம் எப்படிப் பண்ணுற அனஸ்தாசியா?"

"பண்ணியிருக்கலாம்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் யோசித்துத்தான் சொன்னாள். "உங்கட மனசில என்ன இருந்தா ஆருக்கு என்ன? அவங்க கேட்டது ஒரு சொல்லு. அவ மன்னிச்சிருப்பா. இவங்க மன்னிக்கமாட்டாங்க."

அவள் சொன்னது சரி. அடுத்த நாளே அவன் கயிற்றிலிருந்து விலக்கப்பட்டான். கயிறு பிடிக்காதவனுக்குப் பங்கு இல்லை, பங்கு இல்லாதவன் கரையில் குடில் போட்டு இருக்கலாமே தவிர அந்த ஊர்க்காரன் இல்லை. நெய்னார் அவனைக் களப்புக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் சேர்த்துவிட்டார். கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் நின்று உப்பு வாருகிற வேலை. கிழமைக்கு ஒருமுறை படகில் வீட்டுக்கு வந்தான்.

அடுத்த வருடம் வென்று கரையைத் திரும்ப எடுத்துவிடலாம், அப்போது ஊர் மறந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. தாடிச் சுவாமியார் மாறிப் போனார். புதிதாக வந்தவர், அன்னம்மாவின் திருநாளை ஒட்டி இந்தப் பந்துக் கூத்து இனி வேண்டாம் என்று முடிவு சொன்னார். மனுவேல் சம்மாட்டி தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்? கரை அப்போது யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்னாசித்தம்பி விட்ட அந்தப் பெனால்டிதான் அங்கே அடிபட்ட கடைசிப் பந்து.

இலந்தைக்குடா கல்லுக்கரையில் வலை போட்டது. கிழிந்த வலையைத் தைத்தது, தைத்ததைக் கிழித்தது. சில குடும்பங்கள் கரையை விட்டுப் போயின. சில வீட்டு ஆண்கள் வெட்கத்தை விட்டுப் பூவரசங்குடா வலைக்குக் கூலிக்கு இழுக்கப் போனார்கள். இன்னாசித்தம்பியை யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. கண்டால் பேசாமல் விலகிப் போனார்கள். கால் எப்படி என்றும் யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பளத்திலிருந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இப்போது இரண்டு கால்களும் உப்பில் வெந்து ஒரே நிறமாகிவிட்டிருந்தன. கல்லுக்கரைப் பக்கமிருந்து வலை இழுக்கிற பாட்டு காற்றோடு வந்தது. கேட்டு வெகுநாளாகிவிட்ட பாட்டு. பாட்டை மாற்ற அவர்களால் முடிந்திருக்காது, மாற்றினால் இழுவை தப்பிவிடும். வலையத் தந்தது ஆரு என்ற கேள்விக்குப் பதில் வந்தது. மடியத் தந்தது ஆரு என்றதற்கும் பதில் வந்தது. கரையத் தந்தது ஆரு என்றபோது சத்தமே இல்லை. மூச்சை அடக்கிக் கயிற்றை இழுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்கள்.

முற்றத்தில் பிரான்சிஸ்கா ஒரு தென்னந்தும்புக் கொச்சக்கயிற்றின் நுனியில் சிரட்டையைக் கட்டி வலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளும் பாடினாள், கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான்.

"வலையத் தந்தது ஆரு? சவிரியான். மடியத் தந்தது ஆரு? அன்னம்மா. கரையத் தந்தது ஆரு?"

உதட்டை இறுக மூடிக்கொண்டு, முகம் சிவக்கச் சிரட்டையை ஓர் இழுவை இழுத்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"அந்த இடத்தில ஏன் பிள்ளை ஒண்டும் சொல்லல்ல?" என்று இன்னாசித்தம்பி கேட்டான்.

அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"அந்த இடத்தில ஒண்டும் இல்லப்பா" என்றாள். "அப்பிடித்தான் பாட்டு."